வடதுருவத் தொகுதிகள் – 8: உரிமை வந்தது, பெட்டி வரவில்லை

சென்ற வாரம் 1934-ஆம் ஆண்டின் டொமினியன் வாக்குரிமைச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். கனடாவின் நாடாளுமன்றத் தேர்தலில் யார் யார் வாக்களிக்கக் கூடாது என்று வரிசைப்படுத்திய அந்தச் சட்டம், ‘எஸ்கிமோ’ என்று அன்று அழைக்கப்பட்ட இனுயிட் மக்களையும் பெயர் சொல்லி விலக்கியது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்த ஆர்க்டிக் நிலத்துக்கு அப்போது தொகுதி என்று ஒன்றே இருக்கவில்லை. 1905-இல் ஆல்பெர்ட்டாவும் சஸ்காச்சுவனும் மாகாணங்களாகப் பிரிந்து போன பிறகு, எஞ்சி நின்ற வடமேற்கு ஆட்சிப் பகுதிக்கு ஆட்டவா நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. வாக்குச்சாவடியே பார்த்திராத மக்களைத் தடுக்கத் தனியாக ஒரு வாசகம் எழுதினார்கள் என்பதே அந்தக் காலத்து ஆட்சியாளர்களின் மனநிலையைக் காட்டிவிடுகிறது.

அந்தத் தடை 1950-இல் நீங்கியது. உலகப் போர் முடிந்திருந்தது. இன அடிப்படையில் வாக்குரிமையை மறுப்பது கனடாவுக்கே கூச்சமாகத் தோன்றத் தொடங்கிய காலம். ஜப்பானிய வம்சாவளியினர் மீதான தடை 1948-இல் விலகியது. இனுயிட் மற்ற பழங்குடியினரைப் போல் ரிசர்வ் எனப்படும் ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்பவர்கள் அல்லர், அந்தப் பழங்குடியினருக்கான ‘இந்தியர் சட்ட’மும் இவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே அவர்களை விலக்கி வைக்கச் சொல்லப்பட்ட காரணங்கள் எளிதில் உதிர்ந்தன. முதற்குடிகள் எனப்படும் மற்ற பழங்குடியினர் எந்த நிபந்தனையும் இன்றி வாக்களிக்க 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த வகையில் சட்டப் புத்தகம் இனுயிட்டைப் பத்து வருடம் முன்னால் நிறுத்தியது.

நடைமுறையோ வேறாக இருந்தது. வடமேற்கு ஆட்சிப் பகுதிக்கு மறுபடி கிடைத்த இடத்தின் எல்லையைப் பாருங்கள். 1949 தேர்தலில் யூகானோடு சேர்த்து யூகான்–மெக்கன்சி நதி என்று ஒரு தொகுதி. 1952-இல் அது பிரிக்கப்பட்டு மெக்கன்சி நதி தனித் தொகுதியானது. 1953 தேர்தலில் லிபரல் கட்சியின் மெர்வ் ஹார்டி அங்கே வென்றார். யெல்லோநைஃப் தங்கச் சுரங்கங்கள், கிரேட் ஸ்லேவ் ஏரி, மெக்கன்சி நதியில் சரக்குப் படகுகள் நின்று போகும் துறைகள், எல்லாம் அந்தத் தொகுதிக்குள் அடங்கின. தெற்கிலிருந்து போய்க் குடியேறியவர்கள் அதிகம் இருந்த பகுதியும் அதுதான். அதற்குக் கிழக்கே ஹட்சன் வளைகுடாவின் மேற்குக் கரை, பாஃபின் தீவு, அங்கிருந்து துருவம் நோக்கிச் சிதறிக் கிடக்கும் தீவுகள் என்று விரியும் கீவாட்டினும் ஃபிராங்க்லினும் எந்தத் தொகுதியிலும் சேர்க்கப்படவில்லை. அங்கே வாழ்ந்த இனுயிட்டுக்கு 1950-இல் வாக்குரிமை வந்துவிட்டது. அதைச் செலுத்தப் பெட்டி வரவில்லை, போட்டியிட வேட்பாளர் இல்லை, பேசுவதற்கு உறுப்பினரும் இல்லை. இந்த நிலை 1962 வரை நீடித்தது.

இந்த 12 ஆண்டுகளைச் சாதாரண நிர்வாகத் தாமதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், இனுயிட் வாழ்க்கையில் அரசு மிக ஆழமாகக் கை வைத்த ஆண்டுகள் சரியாக இவைதாம்.

சி. டி. ஹௌ என்றொரு அரசுக் கப்பல் இருந்தது. 1950 முதல் கோடைதோறும் கிழக்கு ஆர்க்டிக் கரையோரக் குடியிருப்புகளைச் சுற்றி வரும். கப்பலுக்குள்ளேயே எக்ஸ்ரே கருவி, மருத்துவர், செவிலியர். கரையில் இருப்பவர்களை ஏற்றி நெஞ்சைப் படம் எடுப்பார்கள். காசநோய்க்கான அறிகுறி தெரிந்தால் அந்த ஆளைத் திரும்பக் கரையிறங்க விடமாட்டார்கள். பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் தாய் தெற்கே போய்விடுவாள். 1950-களின் நடுவில் இனுயிட்டில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தென்பகுதி மருத்துவமனைகளில் இருந்தார். பலர் குணமாகித் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பது அவர்கள் குடும்பங்களுக்குப் பல பத்தாண்டுகள் தெரியாமலே இருந்தது. அதற்காகக் கனடாவின் பிரதமர் இகாலுயிட் நகரில் நின்று மன்னிப்புக் கேட்டது 2019-இல்.

அதே கப்பலில்தான் 1953-இல் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து சில குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே தலைகாட்டாத கிரீஸ் ஃபியோர்டிலும் ரெசலூட்டிலும் இறக்கிவிட்டார்கள். இரண்டு வருடம் இருந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று சொல்லப்பட்டது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. மனிதர் வாழும் ஊர்கள் இருந்தால் துருவத் தீவுகளின் மீதுள்ள நாட்டின் உரிமை உறுதிப்படும் என்பது இதன் பின்னிருந்த கணக்கு என்று இனுயிட் தலைவர்கள் பல காலம் சொல்லி வந்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல்.

ஒரே ஓர் உறுப்பினர் அவையில் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கேள்வியாவது அவைக் குறிப்பில் ஏறியிருக்கும். இன்னின்ன குடும்பங்களை எங்கே கொண்டுபோனீர்கள், எப்போது திரும்பக் கொண்டுவருவீர்கள் என்று ஒரு மந்திரி எழுந்து பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லாமல் போனதுதான் இந்தத் தாமதத்தின் விலை.

1962 ஜூன் மாதப் பொதுத்தேர்தலுக்கு முன் தொகுதி எல்லை மாற்றப்பட்டது. மெக்கன்சி நதி கலைக்கப்பட்டு, ஆட்சிப் பகுதி முழுவதும் வடமேற்கு ஆட்சிப் பகுதிகள் என்ற ஒரே தொகுதியாயிற்று. கிழக்கு ஆர்க்டிக் ஊர்களுக்கு முதன்முதலாக வாக்குப்பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. அந்தத் தேர்தலில் வென்றவர் இசபெல் ஹார்டி. முந்தைய உறுப்பினர் மெர்வ் ஹார்டி 1961-இல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோக, அவர் மனைவி நின்று வென்றார். அடுத்த ஆண்டே நடந்த தேர்தலில் மெட்டி இனத்தைச் சேர்ந்த யூஜின் ரெயோம் அவரைத் தோற்கடித்தார்.

அந்தக் காலத்தில் ஓர் இனுக் (இனுயிட் என்பதன் ஒருமை) அரசோடு பேச வேண்டுமானால் முதலில் எண்ணைச் சொல்ல வேண்டும். 1940-களிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு வட்ட வில்லை கொடுக்கப்பட்டிருந்தது. கழுத்தில் கட்டிக்கொள்ளத் துளையிட்ட சிறு வில்லை. ஒரு பக்கம் கிரீடச் சின்னம், மறுபக்கம் எண். கிழக்கு ஆர்க்டிக் என்றால் ‘ஈ’, மேற்கு என்றால் ‘டபிள்யூ’ என்ற எழுத்தில் தொடங்கும். அதிகாரிகளுக்கு இனுயிட் பெயர்களை எழுதவும் வரவில்லை, குடும்பப் பெயர் இல்லாத முறையும் புரியவில்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இது. இதை எதிர்த்து அவையில் பேசியவர் சைமனி மைக்கேல். 1966-இல் வடமேற்கு ஆட்சிப் பகுதியின் கவுன்சிலுக்கு கிழக்கு ஆர்க்டிக்கிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். தச்சர், மொழிபெயர்ப்பாளர். கனடாவில் ஒரு சட்டமன்றத்துக்கு மக்கள் வாக்களித்து அனுப்பிய முதல் இனுக். எண்ணால் அழைக்கப்படுவது வேண்டாம் என்று அவர் கேட்டதன் விளைவாகக் குடும்பப் பெயர் திட்டம் தொடங்கியது. ஏப் ஓக்பிக் என்ற இனுக் அறிஞர் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு குடும்பத்திடமும் எந்தப் பெயரை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார். ஒரு பிரதிநிதி கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். ஒருவர் எழுந்து பேசினார், ஒரு சமூகத்தின் கழுத்திலிருந்து எண்கள் இறங்கின.

ஆட்டவா நாடாளுமன்றத்தில் ஓர் இனுக் உட்கார இன்னும் 13 ஆண்டுகள் ஆயின. அந்த மனிதரின் கதை விசித்திரமானது. 1960-களின் தொடக்கத்தில் அரசு அதிகாரிகள் ஒரு சோதனை செய்தார்கள். வடக்கிலிருந்து கெட்டிக்காரப் பையன்களாக மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஆட்டவாவில் வெள்ளைக்காரக் குடும்பங்களில் தங்கவைத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மூவருக்கும் அப்போது ஏறக்குறைய 12 வயது. தெற்கத்திய வாழ்வில் அவர்கள் கரைந்துபோகிறார்களா என்று பார்ப்பது நோக்கம். பீட்டர் இட்டினுவார், செபடி நுங்காக், எரிக் டகூனா என்ற அந்த மூவரும் கரையவில்லை. மூவரும் இனுயிட் அரசியலில் முன்வரிசைக்கு வந்தார்கள். ஆட்டவாவின் மொழியையும் நெளிவு சுளிவுகளையும் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டவர்கள், அதே ஆட்டவாவோடு உரிமை பேசத் திரும்பி வந்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. வீட்டையும் மொழியையும் விட்டு விலகி வளர்ந்த வலியைப் பிற்காலத்தில் அவர்களே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள்.

1971-இல் டகாக் கர்லி முதலானோர் இனுயிட் தபிரிசாட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1975-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் வடமேற்கு ஆட்சிப் பகுதிக்கு இரண்டாவது இடம் கொடுத்தது. மேற்குக்கு வெஸ்டர்ன் ஆர்க்டிக், கிழக்குக்கு நுனாட்சியாக். இந்தச் சட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன். 1979 மே மாதத் தேர்தலில் நுனாட்சியாக்கிலிருந்து புதிய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக பீட்டர் இட்டினுவார் வென்றார். வயது 29.

அவர் அவையில் இருந்த ஐந்து ஆண்டுகள், கனடாவின் அரசியலமைப்புச் சட்டத்தை பிரிட்டனிடமிருந்து முழுமையாக வாங்கி வந்த ஆண்டுகள். பழங்குடி உரிமைகளுக்கான பிரிவு வரைவில் சேர்க்கப்பட்டது. 1981 நவம்பரில் மாகாண முதல்வர்களோடு நடந்த பேரத்தில் நீக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு திரும்ப வந்தது. இன்று 35-ஆம் பிரிவு என்று எல்லோரும் சொல்வது அதுதான். அதில் இனுயிட் என்ற பெயர் எழுதப்பட்டிருக்கிறது. 1934-இல் விலக்குவதற்காகப் பெயர் சொன்ன நாடு, 1982-இல் உரிமை கொடுப்பதற்காகப் பெயர் சொன்னது.

அதே 1982 ஏப்ரலில் வடமேற்கு ஆட்சிப் பகுதியைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. மொத்தத்தில் 56 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். கிழக்கில் ஐந்தில் நால்வர் ஆதரித்தார்கள். ஆண்டின் இறுதியில் பியர் ட்ரூடோ அரசு பிரிவினையைக் கொள்கையளவில் ஏற்றது. அதையொட்டி இட்டினுவார் கட்சி மாறி லிபரல் அணிக்குப் போனார். கட்சித் தாவல் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் காட்சிகள் வேறு. இவர் பதவிக்காகப் போகவில்லை. தன் மக்களின் தனி ஆட்சிப் பகுதியை எந்த அரசு தரச் சம்மதித்ததோ அதன் பக்கம் போனார். 300-க்கு அருகில் உறுப்பினர்கள் கொண்ட அவையில் தனி ஒருவரிடம் இருந்த ஒரே பேரம் பேசும் பலம் அவருடைய இருக்கை. அதை அவர் பயன்படுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

1984-இல் அந்த இடத்துக்கு வந்த தாமஸ் சுலுக், முற்போக்குப் பழமைவாதக் கட்சிக்காரர். நில உரிமைப் பேச்சுவார்த்தையில் இனுயிட் தரப்பில் முன்னின்றவர். 1988 முதல் லிபரல் கட்சியின் ஜாக் அனவாக். மூன்று பெரிய கட்சிகளிலிருந்தும் மாறி மாறி வந்தவர்கள், நுனாவுட் என்ற தனி ஆட்சிப் பகுதி வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை மட்டும் கைவிடவில்லை. 1993 மே 25 அன்று இகாலுயிட்டில் நில உரிமை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறக்குறைய 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலம் இனுயிட் பெயரில் எழுதப்பட்டது. 14 ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு. 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் பிறந்தது. இந்த ஒப்பந்தத்தின் முழுக் கதைக்கும் தனி அத்தியாயம் வேண்டும் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

புதிய ஆட்சிப் பகுதியின் சட்டமன்றத்தில் கட்சிகள் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடி, தங்களுக்குள்ளிருந்தே முதல்வரையும் மந்திரிகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் முதல்வர் பால் ஒகாலிக்குக்கு அப்போது 34 வயது. அவையின் செங்கோல் நார்வால் திமிங்கிலத்தின் தந்தத்தால் ஆனது. கலந்து பேசி முடிவெடுப்பதே அங்கே மரபு. இப்படிப் பழகிய மக்கள் தங்கள் ஒரே நாடாளுமன்ற உறுப்பினரை அனுப்புவதோ கட்சிக் கொறடா ஆளும் ஆட்டவாவுக்கு.

இந்த முரண் எப்படி வலிக்கும் என்பதற்கு லியோனா அக்லுக்காக் ஓர் உதாரணம். 2008-இல் கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து வென்று, மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் இனுக் ஆனார். சுகாதாரம், பிறகு சுற்றுச்சூழல் துறைகளைக் கவனித்தார். தொகுதிக்கு அது பெருமையான நாள். ஆனால் வடக்கில் உணவு விலை பற்றி 2014 இறுதியில் அவையில் கேள்வி எழுந்தபோது அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த காட்சி நாடெங்கும் ஒளிபரப்பானது. மன்னிப்புக் கேட்டார், அடுத்த தேர்தலில் தோற்றார். அவரை மட்டும் குறை சொல்வது எளிது. தன் அரசின் உணவு விலைத் திட்டத்தைத் தற்காக்க வேண்டிய மந்திரியும், அந்தத் திட்டம் போதாமல் தவிக்கும் ஊர்களின் ஒரே குரலும் ஒரே ஆளாக இருக்க வேண்டியிருந்தது. மற்ற மாகாணங்களில் ஓர் உறுப்பினர் மந்திரியானால் பக்கத்துத் தொகுதிக்காரர் எழுந்து கேள்வி கேட்பார். நுனாவுட்டுக்குப் பக்கத்துத் தொகுதிக்காரர் இல்லை. 2015-இல் வந்த ஹன்டர் டூட்டூவும் மந்திரியானார், ஓராண்டுக்குள் பதவியையும் கட்சியையும் விட்டு விலகி மீதிக் காலம் சுயேச்சையாக இருந்தார். 2019-இல் வென்ற மூமிலாக் கக்காக்குக்கு 25 வயது. ஊர் ஊராகப் போய், பூசணம் பிடித்த சுவர்களையும் நெரிசலான அறைகளையும் நேரில் பார்த்து வீட்டுவசதி பற்றி அறிக்கை வெளியிட்டார். நாடாளுமன்ற வளாகத்தில் தன்னைச் சேர்ந்தவளாகவே உணர முடியவில்லை என்பதை விடைபெறும் உரையில் சொல்லிவிட்டு, மறுபடி போட்டியிடாமல் விலகினார்.

இனி தொகுதியின் அளவு. நிலப்பரப்பு 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது இந்தியாவில் பாதிக்கும் அதிகம். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36,858. மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. மூன்று நேர மண்டலங்கள். பாஃபின் பகுதியின் விமானத் தொடர்பு ஆட்டவாவோடு, கிவாலிக் பகுதிக்கு வின்னிபெக்கோடு, மேற்கே கிடிக்மியோட்டுக்கு யெல்லோநைஃபோடு. தன் தொகுதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டிய உறுப்பினர், பெரும்பாலும் தொகுதியை விட்டே வெளியேறித்தான் திரும்ப நுழைய வேண்டும். அக்டோபரில் தேர்தல் வந்தால் பனிப்புயலில் விமானம் நாட்கணக்கில் நின்றுவிடும். ஆகவே வேட்பாளர்கள் ஊர் வானொலியில் உட்கார்ந்து, தொலைபேசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாக்குக் கேட்கிறார்கள்.

இவ்வளவு குறைவான மக்களுக்கு ஓர் இடமே அதிகம் என்பவர்கள் உண்டு. தெற்கில் ஒரு தொகுதிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்களே என்று கணக்குக் காட்டுவார்கள். சஸ்காச்சுவன் தொகுதி எல்லைகள் குறித்த வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1991-இலேயே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அரசியலமைப்பு உறுதி செய்வது பயனுள்ள பிரதிநிதித்துவத்தை, வெறும் எண்ணிக்கைச் சமத்துவத்தை மட்டும் அன்று. நிலத்தின் விரிவு, சமூகத்தின் வரலாறு, சிறுபான்மையின் நலன் எல்லாம் கணக்கில் வரும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போது 1975-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். அந்தச் சட்டம் வந்தபோது கையிலிருந்த 1971 கணக்கெடுப்பில் வடமேற்கு ஆட்சிப் பகுதி முழுவதுக்கும் மக்கள்தொகை சுமார் 35,000. இவ்வளவு பெரிய நிலத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாது என்று உணர்ந்துதான் அத்தனை பேருக்கு இரண்டு இடம் கொடுத்தார்கள். இன்று நுனாவுட்டில் மட்டுமே அதைவிட அதிக மக்கள். இடம் ஒன்றுதான். 2025 ஏப்ரல் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் லோரி இட்லவுட் நூறு வாக்குகூட வித்தியாசமில்லாமல் இரண்டாம் முறை வென்றார். பதிவான மொத்த வாக்குகள் 8,000-ஐத் தொடவில்லை. 1975-இல் நியாயமாகப் பட்டது இன்று நியாயமாகப் படாமல் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நுனாவுட்டுக்கு இரண்டாவது இடம் தர வேண்டும்.

அடுத்த வாரம், மக்கள்தொகையில் நுனாவுட்டைவிடவும் சிறிய லாப்ரடோர் தொகுதி.